உண்ணிப் படமும் க்ளென்னின் முதுகும்

படம் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தாலும் லோர்னா டட்டில் மூன்றரைக்கே கணவனைக் கூட்டிக்கொண்டு ஊர் நூலகத்துக்கு வந்துவிட்டாள். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. இழுத்துக்கொண்டு என்பதுதான் சரி. க்ளென் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகளில் கல்தூசி அப்படியே இருந்தது. கனெக்டிகட் ஆற்று முகத்துவாரத்தில் பாதிப் பண்ணைகளுக்குக் கல்வேலி கட்டியவன், சரிந்ததைத் தூக்கி நிறுத்தியவன் அவன். சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தான்.

"இறங்குறியா இல்லையா?" என்றாள் லோர்னா.

"ஒரு நிமிஷம் இரு."

"மூணு வருஷமா இருக்கேன். ஒரு நிமிஷம் என்ன பெரிசு."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். சண்டைக்குக்கூட வராத அந்தப் போக்குதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்டில் லோர்னாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூட வந்தவை போகவில்லை. முழங்கால் வலி, மறதி, படியேறினால் மூச்சு, காலையில் எழுந்ததுமே மறுபடி படுக்கச் சொல்லும் அசதி. பள்ளிப் பேருந்துகளின் நேரத்தையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்தவள், வேலையில் ஒருநாள் ஒரு பேருந்தையே மறந்துபோனாள். பதினெட்டு குழந்தைகள் மழையில் நின்றன. அதோடு வேலையை விட்டாள். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு இப்படி ஆனால் என்ன என்று யாரும் யோசிப்பதே இல்லை, உண்ணி கடித்து வரும் லைம் நோய்தான். இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஊரே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் லோர்னாவின் ரத்தப் பரிசோதனை இரண்டு முறையும் இல்லை என்றே வந்தது. முடிவு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தவன் க்ளென். அன்றைக்கு அவன் சொன்னது ஒரே வாக்கியம். "அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்களே, நல்லதுதானே?"

அந்த "நல்லதுதானே" அவர்கள் வீட்டில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறது. போன செப்டம்பரில் லோர்னா மாடி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். லைம் நோயாளிகளைப் பற்றிய இந்தப் படத்தைப் பார்த்தாவது அவனுக்கு உறைக்க வேண்டும். உறைக்காவிட்டால் வெர்மான்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். தங்கையிடம் சொல்லியும் ஆயிற்று. க்ளென்னிடம் மட்டும் சொல்லவில்லை.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். வாசலில் பெவர்லி ஸ்க்ரான்டன் கையில் ஒட்டும் உருளையோடு நின்றாள். நாய் முடியைத் துணியிலிருந்து எடுக்க உருட்டுவார்களே, அதுதான். முப்பது வருடம் ஊர் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறப்பு, இறப்பு, நாய் உரிமம் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுப் பழகியதால் இந்த நோயாளிகள் சங்கத்தையும் அதே தோரணையில்தான் நடத்தினாள். உள்ளே வரும் எல்லோருடைய கால்சட்டையிலும் உருளையை உருட்டி, அதில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

"வா கண்ணு, வா. இவர்தான் உன் வீட்டுக்காரரா? காலை அகட்டி நில்லுங்க. கல்வேலியிலேர்ந்து நேரா வந்தீங்களா? எலி, எலிக்குப் பின்னால உண்ணி. அங்கதானே எல்லாம் குடித்தனம் நடத்துது!"

க்ளென் காலை அகட்டி நின்றான். பெவர்லி உருட்டினாள். எதுவும் ஒட்டவில்லை.

சங்கத்தில் பதினான்கு பேர். வந்திருந்தவர்கள் பதினொன்று. மற்ற மூவருக்கும் படுக்கையை விட்டு எழ முடியாத நாள். பின்மேசையில் தின்பண்டங்கள். மாவில்லாதது, சர்க்கரை இல்லாதது, பால் இல்லாதது, கடைசியில் ருசியும் இல்லாதது. ட்யூயி பெக் மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வீம்புக்கென்று சர்க்கரை தோய்த்த டோநட் ஒரு டஜன் வாங்கி வருவார். எல்லோரும் அதை முறைப்பார்கள். கூட்டம் முடியும்போது பெட்டி காலியாக இருக்கும்.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான். அதைப் பெவர்லி பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இங்கே யாரும் யாரையும் "நிச்சயமாவா?" என்று கேட்கக் கூடாது. டாக்டர் கேட்டாயிற்று, முதலாளி கேட்டாயிற்று, மாமியார் கேட்டாயிற்று, இன்ஷூரன்ஸ்காரன் எழுத்திலேயே கேட்டாயிற்று. இங்கே வந்தும் ஏன்? ஒருவர் தன் கதையைச் சொன்னால் மற்றவர்கள் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். லோர்னா முதல்முறை வந்து சொன்னபோது இப்படித்தான் தட்டினார்கள். பரிசோதனை என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று வருடமாகக் கேட்கவில்லை, சொல்லவில்லை.

விளக்கை அணைத்தார்கள்.

படம் ஒன்றரை மணி நேரம். மூன்று நோயாளிகளை ஒரு வருடம் பின்தொடர்ந்து எடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக இருட்டறையில் கிடக்கும் ஒரு பள்ளி ஆசிரியை, கூரை வேலை செய்யும் ஒருவன், கல்லூரியை விட்ட ஒரு பெண். நடுநடுவே இரண்டு டாக்டர்கள். இந்த நோய் வருடக்கணக்காக உடம்பில் தங்கும் என்றார் ஒருவர். அதற்கு ஆதாரம் இல்லை, அவதி உண்மை ஆனால் காரணம் வேறாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அந்த இரண்டாம் டாக்டர் வரும்போதெல்லாம் பெவர்லி இருட்டில் "த்சொ" என்று உச்சுக்கொட்டியது மூன்று வரிசைக்குக் கேட்டது.

லோர்னா திரையைப் பார்க்கவில்லை. திரை வெளிச்சத்தில் க்ளென்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை அழும் இடத்தில் பார்த்தாள். ஆசிரியையின் கணவன் அவளைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய்க் குளியல் தொட்டியில் உட்கார வைக்கும் இடத்தில் நன்றாகவே பார்த்தாள். க்ளென் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். லோர்னா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"தூங்கல," என்றான், கண்ணைத் திறக்காமல்.

"அப்ப என்ன பண்றே?"

"கேட்டுட்டுதான் இருக்கேன்."

வேறு வழியில்லாமல் அவளே திரையைப் பார்க்கத் தொடங்கினாள். அங்கேதான் வினை. ஆசிரியை கேமராவைப் பார்த்து, "சில நாள் என் தலைமுடிகூட வலிக்கும்," என்றாள். லோர்னாவின் மனதில் யாரும் கேட்காமலே ஒரு குரல் சொன்னது. இது கொஞ்சம் ஓவர். இந்தப் பொம்பளை நல்லா நடிக்கிறா.

லோர்னா திடுக்கிட்டுப் போனாள். அவளுக்கும் தலைமுடி வலித்திருக்கிறது. போன மார்ச்சில் சீப்பைத் தொட முடியாமல் இரண்டு நாள் கிடந்திருக்கிறாள். அப்படியிருக்க, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? வெளியே இருந்து பார்த்தால் நானும் இப்படித்தான் தெரிகிறேனா? அதன் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. கூரைக்காரன் பெட்ரோல் பங்கில் மயங்கி விழுந்தான், ஆஸ்பத்திரி, ஒயர்கள். அந்த இடத்தில் க்ளென் நிமிர்ந்து உட்கார்ந்ததைக்கூட அவள் பாதிதான் கவனித்தாள்.

விளக்கு வந்தது. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். பெவர்லி எழுந்து முன்னால் வந்தாள்.

"சரி கண்ணுங்களா. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன். அந்த ரெண்டாவது டாக்டருக்கு எதுக்கு அவ்வளவு நேரம்? அஞ்சு நிமிஷம் நாற்பது செகண்ட். நான் வாட்சைப் பார்த்தேன்."

"அவர் மரியாதையாத்தானே பேசினாரு," என்றார் ட்யூயி.

"மரியாதையாத்தான் என்னையும் மூணு டாக்டருங்க வெளிய அனுப்பினாங்க, ட்யூயி."

ப்ரூக் என்ற பெண் கையைத் தூக்கினாள். இருபத்தாறு வயது. முன்பு மாரத்தான் ஓடியவள், இப்போது இந்த நாற்காலிக்கு வரவே கைத்தடி. "எனக்குப் படம் பிடிக்கல," என்றாள். "அப்படியே என் கதைதான். இருந்தாலும் பிடிக்கல. அந்தப் பொண்ணு படுத்திருக்கா, பின்னாடி பியானோ வாசிக்கிறாங்க. நான் படுத்திருந்தப்போ எவன் பியானோ வாசிச்சான்? பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டி சத்தம்தான். ஆறு மாசம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ப்ரூக் சிரிக்கவில்லை. "இதைப் பார்த்துட்டு எங்கம்மா அழுவாங்க. அவங்க அழுதா நான் சமாதானம் பண்ணணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல," என்று உட்கார்ந்தாள்.

"என்னை மாதிரி ஆளை ஏன் காட்டல?" என்றார் ட்யூயி. எழுபத்தொரு வயது, மான் வேட்டைக்காரர், முப்பது வருடம் ஊர்த் தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் சம்பளம் வாங்காத தொண்டர். "உண்ணி கடிச்சுது, வட்டமா சிவந்துச்சு, மூணு வாரம் மாத்திரை தின்னேன், போயிடுச்சு. நிறையப் பேருக்கு அப்படித்தான் போயிடுது. அதைக் காட்டினா என்ன, டிக்கெட் விக்காதா?"

"போயிடுச்சுன்னா நீங்க ஏன் இங்க வர்றீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"டோநட்டைத் தனியா தின்னா நல்லா இல்ல," என்றார் அவர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆனவர்.

"நீ சொல்லு லோர்னா," என்றாள் பெவர்லி.

லோர்னா ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லோருக்கும் சொல்வது மாதிரி க்ளென்னுக்குச் சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்கள். கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. முடி வலிக்கும் ஆசிரியைதான் கண்ணில் நின்றாள்.

"தெரியல," என்றாள். "எனக்கு... குழப்பமா இருக்கு."

"குழப்பம்கூட இந்த நோயோட குணம்தான் கண்ணு," என்று பெவர்லி அன்போடு தலையசைத்தாள். எதைச் சொன்னாலும் அது இந்த நோயோட குணம்தான் என்று லோர்னாவுக்கு அன்றைக்கு முதல்முறையாகப் பட்டது.

அப்போது பக்கத்தில் ஒரு கை எழுந்தது. கல்தூசி படிந்த கை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றான் க்ளென். "நான் மெம்பர் இல்ல."

"இங்க கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு."

அவன் எழுந்திருக்க முன்நாற்காலியைப் பிடித்தான். "அந்தக் கூரை வேலைக்காரன். பெட்ரோல் பங்குல விழுந்தானே. நானும் அப்படி விழுந்தேன். செவ்வாய்க்கிழமை. ஹாலோவே பண்ணையில, கல்லைத் தூக்கிட்டு நிமிர்ந்தேன், அப்புறம் பார்த்தா வானம் தெரியுது. பசு ஒண்ணு என்னைப் பார்த்துட்டு நிக்குது. மூணு வாரமா இப்படித்தான். படியேறினா இருட்டிட்டு வருது. வெயில்தான்னு நினைச்சேன். இந்தப் படத்துல அவன் சொல்றதெல்லாம்... எனக்கும் இதுதான்னு நினைக்கிறேன்."

அறை கைதட்டியது. விதிப்படி, மனதார. பெவர்லியின் கண் கலங்கியது. ட்யூயி மட்டும் தட்டவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு க்ளென்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோர்னா அவன் பக்கம் திரும்பினாள். இவன் கிண்டல் செய்கிறானா? இல்லை, க்ளென்னுக்குக் கிண்டல் வராது. அப்படியானால்? மூன்று வருடம் நான் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து வாங்க முடியாததை, கால்சட்டையில் உருளை உருட்டிய இரண்டே கால் மணி நேரத்தில் இவன் வாங்கிவிட்டான். கைதட்டலோடு. நேற்றுவரை "உனக்கு அசதியா? யாருக்குத்தான் இல்ல?" என்று கேட்டவன்.

"நிச்சயமாவா?" என்று கேட்டுவிட்டாள்.

சத்தமாகவே கேட்டுவிட்டாள். தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. பெவர்லி சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தாள், பிறகு லோர்னாவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. க்ளென் மெல்ல உட்கார்ந்தான். பிறகு அதுவும் போதாது என்பது போல எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் சரியாக இறங்கவில்லை. க்ளென் காரில் சாய்ந்து நின்றான்.

"என்ன க்ளென் இது?" லோர்னா கிட்டே போகாமலே கேட்டாள். "மூணு வாரமா இருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊரைக் கூட்டி வச்சு அங்க சொல்றே?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஏன், வாய்ல என்ன?"

"நீ மாடியில படுத்துக் கிடக்கே. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னு இருந்துச்சு. அதோட..." அவன் மூச்சு வாங்கினான். "நான் உன்னைப் பேசினதுக்கு அப்புறம், எனக்கும்னு எந்த மூஞ்சிய வச்சிட்டு வந்து சொல்றது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. நன்றாக நறுக்கென்று ஒரு பதில். ஆனால் அவன் உதடு வெளுத்திருந்தது. அதை இப்போதுதான் பார்த்தாள். வீட்டு வெளிச்சத்தில் மூன்று வாரமாகப் பார்த்திருக்க வேண்டியது.

"திரும்பு. சட்டையத் தூக்கு."

"இங்கயா?"

"தூக்குன்னா தூக்கு."

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் அதில் இதுவும் சேர்த்திதான். மே முதல் அக்டோபர் வரை, வேலைவிட்டு வந்து குளிக்கப் போகும்போது புருஷன் முதுகைப் பெண்டாட்டி பார்ப்பாள், பெண்டாட்டி முதுகைப் புருஷன் பார்ப்பான். பேன் பார்ப்பது போல, காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில், கசகசா அளவில் ஒரு புள்ளி கிடைக்கிறதா என்று. கோபத்தில் இருக்கும் தம்பதிகள்கூட வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டுப் போவார்கள். லோர்னா மாடிக்குப் போனதிலிருந்து அவர்கள் வீட்டில் அது நின்றுபோயிருந்தது. இந்தக் கோடையில் க்ளென்னின் முதுகை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை.

இடது தோள்பட்டைக்குக் கீழே, எவ்வளவு திரும்பினாலும் கண்ணாடியில் அவனுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம். ஓரம் மங்கிய சிவப்பு, நடுவில் வெளுப்பு, அதற்கும் நடுவில் ஒரு சின்னப் பொருக்கு. மறையத் தொடங்கியிருந்தது. அவள் விரலை வைத்தாள். அவளுக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லை. மூன்று வருடம் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறாள், தன் உடம்பில் எத்தனை முறை தேடியிருக்கிறாள்.

"அடப்பாவி," என்றாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் சங்கம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. எல்லோரும் க்ளென்னின் முதுகைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த நோயைக் கரைத்துக் குடித்தவர்கள், சும்மா இருப்பார்களா?

"அசல் வட்டம்! பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி!"

"நகராதீங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"கொடுத்து வச்சவர். எனக்கு வட்டமே வரல."

"சாதா ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க," என்றாள் பெவர்லி. "அவங்க பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்க. நம்ம டாக்டர் பக்கத்து மாநிலத்துல இருக்காரு. நான் ஃபோன் பண்ணினா செப்டம்பர்ல நேரம் தருவாரு."

"முதல்ல சர்க்கரையை நிறுத்தணும்."

"இன்னிக்கே பூனைநக மூலிகைக் கஷாயம் ஆரம்பிக்கச் சொல்லுங்க."

க்ளென் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, பள்ளியில் தண்டனைக்கு நிற்கும் பையன் போல நின்றான். லோர்னா ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாமே அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகள், அவளே புதியவர்களுக்குச் சொன்ன வார்த்தைகள். இப்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்று ட்யூயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். க்ளென்னின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணினார். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். பிறகு இன்னொரு தடவை எண்ணினார்.

"முப்பத்தாறு," என்றார். "நாடி அறுபதாவது இருக்கணும். தம்பி, நீ காரை ஓட்டப்படாது. லோர்னா, சாவியை எடு. செப்டம்பரும் வேணாம், கஷாயமும் வேணாம். இப்பவே எமர்ஜென்சிக்குப் போறோம்."

"ட்யூயி, அங்க அவங்க நம்ப மாட்டாங்க," என்றாள் பெவர்லி. அவள் குரலில் நிஜமான பயம் இருந்தது.

"இதயம் நின்னா நம்புவாங்க பெவர்லி. அதுக்கு முன்னாடி போயிடலாம்."

ட்யூயி பின்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுவதும் முன்னால் கையை நீட்டி க்ளென்னின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று ஏலம் விடுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். லோர்னா மூன்று வருடத்தில் இவ்வளவு வேகமாக வண்டி ஓட்டியதில்லை. முழங்கால் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று மிதித்தாள்.

எமர்ஜென்சியில் நம்பினார்கள். அதுதான் லோர்னாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், மெஷின் ஒரு நீளக் காகிதத்தைத் துப்பியது, அதைப் பார்த்த இளம் டாக்டரம்மா நடக்கவில்லை, ஓடினாள். நாலு பேர் வந்தார்கள். முதுகைப் பார்த்தார்கள். "எத்தனை நாளா?" என்று அவளைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. "கடைசியா எப்ப முதுகைப் பார்த்தீங்க?" அதுவும் தெரியவில்லை.

பிறகு டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். "இதயத்தோட மேல் அறை சொல்றது கீழ் அறைக்குச் சரியாப் போய்ச் சேரல. லைம் அந்த வழியைத்தான் அடைச்சு வச்சிருக்கு. பயப்படாதீங்க. ரத்தத்துல நேரா மருந்து ஏத்தினா பெரும்பாலும் சில நாள்லயே வழி திறந்துடும். அதுவரைக்கும் இங்க மானிட்டர்லதான் இருக்கணும்."

"ரத்தப் பரிசோதனை?" என்றாள் லோர்னா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எடுத்தாச்சு. முடிவு வர மூணு நாள் ஆகும். அதுக்கெல்லாம் காத்திருக்க மாட்டோம். மருந்தை இப்பவே ஆரம்பிச்சுட்டோம்."

காத்திருக்க மாட்டோம். லோர்னா அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தன்னிடம் ஒவ்வொரு டாக்டரும் முடிவு வரட்டும், முடிவு வரட்டும் என்றார்கள். முடிவு வந்தபோது போய்த் தூங்குங்கள் என்றார்கள். க்ளென் பிழைப்பான் என்று கேட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கடவுளே, கடவுளே என்று மனதுக்குள் அரற்றியது உண்மை. அதே நேரத்தில் அந்த ஒயர்களையும் அந்த நீளக் காகிதத்தையும் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்ததும் உண்மை. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. தன் நோயும் இப்படி ஒரு காகிதத்தில் கோடாக விழுந்திருந்தால்! அந்த எண்ணத்துக்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் அது போகவில்லை.

உள்ளே போனாள். க்ளென்னின் தலைமாட்டில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி, நடுவில் கொஞ்சம் நின்று, மறுபடி துள்ளிக்கொண்டிருந்தது.

"ட்யூயி எங்க?" என்றான்.

"காபி வாங்கப் போயிருக்காரு. டோநட்டும் வாங்கிட்டு வருவாரு, உனக்குத் தரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவன் லேசாகச் சிரித்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லோர்னா, மூணு வாரமா காலையில கண்ணாடியில பார்ப்பேன். மூஞ்சி எப்பவும் போலத்தான் இருக்கும். எனக்கே நம்பிக்கை வராது. சோம்பேறி ஆயிட்டேன்னு நினைச்சுப்பேன். மூணு வாரம்தான். அதுக்கே எனக்கு..." முடிக்கவில்லை. கையை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினான். அவள் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பா இது, மருந்து மயக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எதுவாக இருந்தாலும் கை சூடாக இருந்தது.

சக்கர மேசையில் கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். பிறந்த தேதி, ஒவ்வாமை, பழைய ஆபரேஷன் என்று கேள்வி கேட்டுத் தட்டிக்கொண்டே போனாள்.

"வீட்டுல வேற யாருக்காவது லைம் இருக்கா?"

"இருக்கு," என்றான் க்ளென். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவளுக்கு. மூணு வருஷமா."

மூன்று வருடம் லோர்னா கேட்க நினைத்த வாக்கியம் இதுதான். இதற்காகத்தான் இன்றைக்கு இவனை அந்த நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தங்கையிடம் சொல்லிவைத்ததெல்லாம் இந்த வாக்கியம் வராது என்று நினைத்துத்தான்.

"டெஸ்ட்ல உறுதியாச்சா மேடம்?" நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"இல்ல," என்றாள் லோர்னா. பதினான்கு பேர் சங்கத்தில் ஒருநாளும் சொல்லாததை ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னாள். "ரெண்டு தடவை எடுத்தாங்க. ரெண்டு தடவையும் இல்லன்னுதான் வந்துச்சு."

நர்ஸின் விரல் விசைக்கு மேலே நின்றது.

"ஆமான்னு போடுங்க," என்றான் க்ளென்.

"சார், நான் வந்து..."

"போடுங்கம்மா. அவ கூடவே இருந்தவன் நான். எனக்குத் தெரியும்."

தட் என்று ஒரு சத்தம். போட்டுவிட்டாள்.

லோர்னா அழுவாள் என்று க்ளென் நினைத்திருப்பான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அழுகை வரவில்லை. இத்தனை நாளும் இல்லை இல்லை என்று எல்லோரும் சொன்னதால், ஆமாம் ஆமாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்தது. எதிரே நின்றவன் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டான். தள்ளிக்கொண்டே இருந்த கதவு சட்டென்று திறந்துகொண்ட மாதிரி அவள் தடுமாறினாள். இரண்டு தடவை இல்லை என்று வந்ததே. அந்த இரண்டாவது டாக்டர் மரியாதையாகச் சொன்னாரே. அவதி உண்மை, காரணம் வேறாக இருந்தால்? அந்த வேறு என்னவென்று மூன்று வருடமாக யாருமே தேடவில்லையே, அவள் உட்பட! இவ்வளவு நாளும் தனக்குப் பயப்படக்கூட நேரம் இல்லாமல் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

நர்ஸ் மேசையைத் திருப்பித் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் லோர்னா. "நீங்க ஆமான்னு போட்டீங்க இல்ல, அது பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட முடியுமா?"

க்ளென் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் அவன் கையை விடவில்லை.

நர்ஸ் திரையைக் குனிந்து பார்த்தாள், மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். "இதுல ஆமா, இல்ல, ரெண்டுதாங்க இருக்கு," என்றாள்.